ரொட்டி மாமா படத்தின் கீழே நீ எழுதியது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எந்தக் கடிதத்தையும் இதைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்குவேன், இதையும் அப்படியே தொடங்குகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில்தான் பேசிப் பார்த்துவிட்டேனே. நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ நாற்பது வார்த்தை சொல்லிவிடுகிறாய், எனக்குப் பதில் தோன்றும்போது நீ போனை வைத்துவிட்டிருக்கிறாய். காகிதம் குறுக்கே பேசாது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. டாக்டர் தினமும் அரை மணி நடக்கச் சொன்னார், அவள் தினமும் அரை மணி நடப்பதைப் பற்றிப் பேசுகிறாள். போன வாரம் நம் கட்டடத்து லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மாட்டிக்கொண்டது மூன்றாம் மாடி நர்ஸம்மா. கம்பெனி மெக்கானிக் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்களாம். நான் லிஃப்ட் வேலையிலிருந்து ரிட்டையராகி ஆறு வருடம் ஆகியும் என் கதவைத்தான் தட்டினார்கள். மேலே மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். முன்பெல்லாம் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள். இந்த மூன்று வாரமாக இந்தக் கட்டடத்தில் எனக்கு அவ்வளவுதான் மரியாதை. அதற்குக் காரணம் நீ பாதி, நான் பாதி. உன் பாதியை முதலில் சொல்கிறேன்.

போன வருடம் நீ நாற்பது நாள் இங்கே வந்து இருந்தாய். எங்களோடு இருக்கத்தான் வந்திருக்கிறாய் என்று அம்மா நினைத்தாள், மூன்றாம் நாளே நீ கேமராப் பையைத் திறந்தாய். சாதாரண மனிதர்கள் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள் என்று படம் எடுக்கப் போகிறேன், நம் கட்டடத்திலிருந்தே தொடங்குகிறேன் என்றாய். "எதை யார் கேட்டாலும் குடுக்க மாட்டீங்களோ, அதைக் கையில எடுத்துக்கிட்டு நில்லுங்க," இதுதான் நீ எல்லோரிடமும் கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததால்தான் ஒவ்வொரு கதவாக நான் முன்னால் போய் மணியை அடித்தேன். நினைவிருக்கிறதா, நான் என்ன சொல்வேன்? "என் பொண்ணுதான், நம்பிப் பேசலாம்." வேறு எந்த வார்த்தையும் நான் சொல்லவில்லை. அதைக் கேட்டுத்தான் கதவுகள் திறந்தன. நர்ஸம்மா தன் முதல் வேலைக்குப் போட்டுப் போன வெள்ளைக் கோட்டை எடுத்து வந்தாள், அதை மடித்துவைத்த கோடு படத்தில் தெரிய வேண்டும் என்று தேய்க்கக்கூட விடவில்லை. பஸ் டிரைவரும் அவர் மனைவியும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு நின்றார்கள், நீ அதையே எடுத்தாய், அது அருமையான படம். மொட்டை மாடி ஓரத்து அறையில் தனியாக இருக்கும் பூனைக்கார அக்கா பூனையைத் தூக்கி வருவாள் என்று பார்த்தால், பூனை எங்கே போனாலும் திரும்பி வரும் என்று சொல்லிவிட்டு ஒரு வாசல் சாவியைக் காட்டினாள், எந்த வீட்டுச் சாவி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நீயும் அதைத் தோண்டவில்லை. உன் அம்மா மட்டும், "எங்கிட்ட இருக்கிறதைக் காட்டினா திருட்டுப் போயிடும்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று சிரித்தோம்.

பிறகு ரொட்டிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் உனக்கு ரொட்டி மாமா, எனக்கு இதே கட்டடத்தில் முப்பத்தொரு வருடச் சிநேகிதன். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவன் மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நாங்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்த புதிதில், ஒரு நாள் கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டி, கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்தேன், இதைக் கொஞ்சம் படியேன் என்றான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. மூன்றாவது தடவை அவன் அந்தச் சாக்கைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அவனுக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் நான்தான் படித்தேன். அவன் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மதிப்பெண் அட்டை வரும், அவன் மனைவி அதை முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள், நான் படிக்கட்டில் அவனுக்காக நின்றிருந்து கணக்கில் இவ்வளவு, அறிவியலில் இவ்வளவு என்று காதில் சொல்வேன். அவன் வீட்டுக்குப் போய் அட்டையை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுபோய், "கணக்குல இன்னும் கொஞ்சம் பாக்கணும்மா" என்பான். அந்தப் பெண் அப்படிப் படித்துத்தான் இன்று பள்ளி ஆசிரியை ஆகியிருக்கிறாள். ஒரு தடவை அவனுடைய அண்ணனைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது, நல்ல சேதி இல்லை, நான் இரண்டு வரியை மென்மையாக்கிப் படிக்கலாமா என்று தயங்கினேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். "அதுல என்ன இருக்கோ அதை மட்டும் படி. எனக்குப் பதிலா நீ வருத்தப்படாதே" என்றான். அன்றிலிருந்து ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றிப் படித்ததில்லை.

அந்த மனிதன் உன் கேள்வியைக் கேட்டதும் உள்ளே போய், மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தான். அதைப் பார்த்தது அன்று எனக்கும் முதல் தடவை. அறுபத்திரண்டு வயதில், அடுப்பில் ரொட்டி வேகும் நேரத்தில், ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். பக்கம் பக்கமாக அவன் பெயர், ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் நேராகிக்கொண்டே வருகிறது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் சுருக்கென்றது, என்னிடம் ஏன்டா கேட்கவில்லை என்றேன். "உன்னைக் கேட்டா நீ வாத்தியார் ஆயிடுவே. வாத்தியார் எங்க வீட்டுலயே ஒருத்தி இருக்கா, எனக்கு சிநேகிதன்தான் குறைச்சல்" என்றான். எழுதப் படிக்க வந்த பிறகு மகளுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதி, எல்லாவற்றையும் அதில் சொல்லப் போவதாகச் சொன்னான். அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது என்றான். அப்புறம் உன்னைப் பார்த்து, "பாப்பா, இது பேப்பர்ல கீப்பர்ல வருமா" என்று கேட்டான். நீ என்ன சொன்னாய் என்று நீயே நினைத்துப் பார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "நோட்டு மட்டும்தான் மாமா தெரியும். அது என்ன நோட்டுன்னு யாருக்கும் தெரியாது, நான் சொல்ல மாட்டேன்." அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அதன் பிறகுதான் அவன் நோட்டைத் திறந்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சனிக்கிழமை பத்திரிகையின் வார இணைப்பில் உன் படங்கள் எட்டு வந்தன. அம்மா ஐந்து பிரதி வாங்கினாள். நான் வாசலில் நின்றபடியே பிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் என் படத்தைத்தான் தேடினேன். லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், கீழே, இருபத்தெட்டு வருடம் இந்த ஊர்க்காரர்களை ஏற்றி இறக்கியவர், ஒருவரும் கீழே விழுந்ததில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் பக்கத்தைத் திருப்பினேன். அவன் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. கீழே நீ எழுதியது எனக்கு மனப்பாடம். "ரொட்டிக்கடைக்காரர், வயது அறுபத்திரண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர். பள்ளி ஆசிரியையான மகளிடமிருந்து இதை மறைத்து வருகிறார்." அவ்வளவுதான், மூன்றே வரி. அவன் முப்பது வருடமாகக் கட்டிக் காத்தது உனக்கு மூன்று வரிக்கு ஆயிற்று.

என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் அவன் வந்துவிட்டான். கையில் பத்திரிகை, புருவமெல்லாம் மாவு, வாய் காதுவரை சிரிப்பு. படத்தில் தன் வயிறு உள்ளடங்கித் தெரிகிறதாம், மனைவிக்கு அதில் நம்பிக்கை வரவில்லையாம், அவளும் இவனைப் போலத்தான், அவளுக்கும் எழுத்து தெரியாது. "பாப்பா என்ன எழுதியிருக்கா, படி" என்று என் முன்னால் நீட்டினான். நான் கையில் வாங்கினேன். அங்கே நான் செய்ததை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் உன் பாதியை மட்டும் எழுதி என் பாதியை விட்டால் நானும் உன்னைப் போலத்தான் ஆவேன். நான் அதில் இல்லாததைப் படித்தேன். "ரொட்டிக்கடைக்காரர், வயது அறுபத்திரண்டு. இவர் கைப்பக்குவத்துக்கு இந்தத் தெருவே அடிமை. கணக்கு நோட்டில் சுத்தம், மனசிலும் சுத்தம்." குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். நாளைக்கு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம், இன்று மட்டும் அவன் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அவனுக்குப் பதிலாக நான் வருத்தப்பட்டேன், வேறொன்றும் இல்லை. அவன் மூன்று தடவை திரும்பப் படிக்கச் சொன்னான், மூன்று தடவையும் ஒரே மாதிரி படித்தேன்.

அன்று மாலை ரொட்டி வாங்கப் போனால், அந்தப் பக்கத்தை அளவாக வெட்டி கடைக் கண்ணாடியில், தெருவைப் பார்த்தாற்போல், நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். வருகிறவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டு உள்ளே போனவர்கள் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார்கள், அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் குழந்தையிடம் பேசுகிற மாதிரி சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, "ரெண்டு... பன்னு... குடுங்க" என்றார். ஒரு அம்மாள் தான் கொடுத்த கேக் ஆர்டர் சீட்டைத் தானே திரும்ப வாங்கி வாயால் படித்துக் காட்டினாள். அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான், படம் வந்ததால் மதிப்புக் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தி, "ஐயா, அவரு தெரிஞ்சுதான் ஒட்டியிருக்காரா?" என்று கேட்டாள். நான் பேசுகிறேன் என்றேன். ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. தினமும் கடை வரைக்கும் போனேன், ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் சாப்பிட ஆளில்லாமல் ரொட்டி சேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், அவன் வெளியே வந்து கண்ணாடி முன்னால் நின்றானாம். நான் படித்துச் சொன்ன வார்த்தைகள் அவனுக்கு அப்படிப் பிடித்துப்போயிருந்தன, அவற்றைத் தானே ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ரொட்டி என்ற சொல் அவனுக்குப் பழக்கமானது, அதை உடனே கண்டுபிடித்துவிட்டான். வயதும் சரியாக வந்தது. அடுத்து இ என்று தொடங்க வேண்டும், ஆனால் அங்கே எ இருந்தது. தன்மேல்தான் தப்பு என்று முதலில் நினைத்தானாம். தான் இன்னும் சரியாகக் கற்கவில்லை, எழுத்துகளைக் குழப்பிக்கொள்கிறோம் என்று நோட்டை எடுத்து வந்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்திருக்கிறான். நடைபாதையில் நின்று, கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு, இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை. அவன் வாழ்க்கையில் யார் உதவியும் இல்லாமல் முழுதாகப் படித்த முதல் வரி, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது. இதையெல்லாம் அவன் மனைவி சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவன் இங்கே வந்தான். அம்மா காபி போடப் போனாள், வேண்டாம் தங்கச்சி, இருங்க என்றான். டேப் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காகிதத்தை மேசையில் விரித்து, விரலை வைத்து, சத்தமாகப் படிக்கத் தொடங்கினான். நேரமாயிற்று. "மறைத்து" என்ற இடத்தில் தடுக்கிவிட்டது, அம்மா தன்னை மறந்து எடுத்துக் கொடுத்தாள், அவன் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு மறுபடி முதல் எழுத்திலிருந்து படித்தான். கடைசி வார்த்தை வரைக்கும் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "சரியா படிச்சேனா?" என்றான். சரிதான் என்றேன். "நீ படிச்சது வேற மாதிரி இருந்துச்சே" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அவன் போனதும்தான் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அது அவரைக் கேவலப்படுத்துகிற படம் இல்லை அப்பா, பெருமைப்படுத்துகிற படம் என்றாய். அங்கே நீ வைத்த கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் அதிகம் பேர் நின்றார்கள், அழுதார்கள் என்றாய். என்ன நோட்டு என்று சொல்லாவிட்டால் அது வெறும் நோட்டுதானே என்றாய். இந்தப் படங்களை வைத்து நீ போடப்போகும் புத்தகத்துக்கு அதுதான் மேலட்டை என்றும் சொன்னாய். பார்த்தவர்கள் அழுதது எனக்கு எதற்கு கண்ணு? அவர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் இங்கேயே கடை திறக்க வேண்டும். எதை யாருக்கும் கொடுக்க மாட்டாய் என்று நீ கேட்டாய், அவன் இரண்டு பதில் சொன்னான், ஒன்று நோட்டு, இன்னொன்று அதைப் பற்றித் தன் வாயால் தன் மகளிடம் சொல்லும் உரிமை. முதலாவதைப் படம் எடுத்தாய், இரண்டாவதை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன்னை ஊரில் யார் என்ன சொன்னாலும் என் பெண் அப்படிச் செய்ய மாட்டாள் என்று சட்டையைப் பிடிக்கிறவன் நான். இப்போது யாராவது சொன்னால் நான் எதைச் சொல்லிச் சட்டையைப் பிடிப்பேன்? போனில் நீ என்னை ரொம்ப உணர்ச்சிவசப்படாதீங்க என்றாய், அந்த வார்த்தையோடு மூன்று வாரமாக இருக்கிறேன்.

அவன் மகள் அந்தச் சனிக்கிழமையே பார்த்துவிட்டாளாம், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அப்பா தானே சொல்லட்டும் என்று ஒன்றும் தெரியாத மாதிரி நாலு நாள் காத்திருந்தாள். பிறகு ஒரு நாள் என்னைப் படிக்கட்டில் பார்த்து, "என் மார்க்கையெல்லாம் நீங்கதான் அப்பாவுக்குச் சொன்னீங்களா மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, இல்ல?" என்றாள். "எல்லாருக்கும் இல்லம்மா, எனக்கும் உங்கம்மாவுக்கும்தான்" என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் இப்போது அது பொய்தானே. அப்பாவும் மகளும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், பழையபடி இல்லை, பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று அவன் மனைவி சொல்கிறாள். எழுத நினைத்த கடிதத்தை அவன் எழுதவில்லை. எழுதிச் சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது என்கிறானாம்.

நேற்று கீழே தபால் பெட்டிகளின் பக்கம் போனேன். அவனுக்கு ஏதோ அலுவலகக் கடிதம் வந்திருந்தது, பெரிய உறை, பொடி எழுத்து. முன்பானால் உறையைப் பிரிக்காமலே நேரே என் வீட்டுக்கு வருவான். நேற்று அங்கேயே நின்று பிரித்து, சுவரில் சாய்ந்துகொண்டு, உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அவனைச் சுற்றிப் போனார்கள். நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் முதல் பக்கத்திலேயே நின்றான். பக்கத்தில் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மேலே வந்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, போன மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நீ என் பெண், சோறு தண்ணீர் நேரத்துக்கு எடுத்துக்கொள், குளிரில் காதை மூடாமல் படம் எடுக்கிறேன் என்று அலையாதே, குட்டிக்குப் பல் விழுந்ததாக மாப்பிள்ளை அம்மாவிடம் சொன்னாராம், குட்டியை ஐஸ் கடிக்க விடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் வாழ்த்த நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமே இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அவனிடம் கேள், மேலட்டையில் வரலாமா, உள்ளே வரலாமா, வரவே கூடாதா என்று. அவன் சொல்கிறபடி செய். போனில் கேட்காதே, போனில் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். கடிதம் எழுது. கம்ப்யூட்டரில் அடிக்காதே, உன் கையால், பெரிய எழுத்தாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு, சின்னச் சின்ன வரிகளாக எழுது, நீ செய்ததை நீயே எழுது. உறையின் மேல் அவன் பெயரைப் போடு, என் பெயரை எங்கேயும் போடாதே. அவனுக்கு அதைப் படிக்க ஒரு நாள் ஆகும், இரண்டு நாள்கூட ஆகலாம், பதிலும் அவ்வளவு சீக்கிரம் வராது, வராமலும் போகலாம். என்னிடம் கொண்டுவர மாட்டான், கொண்டுவந்தாலும் நான் படிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா